சவுண்ட்பாரா? சூழொலியா?

கண்ணுக்கு இமை உண்டு, வேண்டாதபோது மூடிக்கொள்ளலாம். செவிக்கு இமை இல்லை. நாம் உறங்கும்போதும் அது திறந்தே கிடக்கிறது. கேட்டலின் அருமை உணர்ந்த திருவள்ளுவர் கேள்விக்கென்றே ஓர் அதிகாரம் வகுத்தார். நாமோ கண்ணுக்குச் செய்யும் உபசாரத்தில் காற்பங்கும் செவிக்குச் செய்வதில்லை. தொலைக்காட்சிப் பெட்டி வாங்கப் போகிறவர் 43 அங்குலமா, 55 அங்குலமா என்று நெடுநேரம் ஆராய்கிறார். வண்ணம் எப்படி, வெளிச்சம் எப்படி என்று பத்துக் கேள்விகள் கேட்கிறார். ஒலி எப்படி என்று கேட்பவர் மிகச் சிலரே.

நம் சங்கத்தில் இவ்வாண்டு எழுந்துள்ள வழக்கு ஒலியைப் பற்றியதுதான். மாதம் ஒரு முறை பொது அறையில் தமிழ்ப் படம் காட்டுகிறோம். நல்ல தொலைக்காட்சிப் பெட்டி இருக்கிறது. படம் தெளிவாகத் தெரிகிறது. பேச்சுத்தான் தெளிவாகக் கேட்கவில்லை. உறுப்பினர் கட்டணத்தில் மிஞ்சிய தொகையைக் கொண்டு ஒலிக்கருவி வாங்குவது என்று செயற்குழு தீர்மானித்துவிட்டது. எதை வாங்குவது என்பதில்தான் இரு கட்சிகள். ஒரு சாரார், பெட்டிக்கு அடியில் வைக்கும் சவுண்ட்பார் போதும் என்கிறார்கள். மறு சாரார், அறையைச் சுற்றிலும் ஒலிபெருக்கிகளை நிறுத்திக் கம்பியால் இணைக்கும் முழு ஏற்பாடு வேண்டும் என்கிறார்கள். பொதுக்குழு கூடுமுன் இரண்டின் குணங்குறைகளையும் விளக்கி எழுதும்படி இதழாசிரியர் என்னைப் பணித்தார். இயற்பியல் படிப்பவன் என்பதைத் தவிர எனக்கு வேறு தகுதி இல்லை. செங்கோட்டைக்கு எதிரே உள்ள லாஜ்பத் ராய் சந்தையில் இரண்டு சனிக்கிழமைகள் சுற்றிப் பலவகைக் கருவிகளைக் கேட்டும் பார்த்தேன். சென்னை ரிச்சித் தெருவை அறிந்தவர்களுக்கு அந்தச் சந்தையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை.

இரண்டும் யாவை?

சவுண்ட்பார் என்பது நீண்ட ஒரு பெட்டி. அதனுள் சிறு ஒலிபெருக்கிகள் வரிசையாக அமைந்திருக்கும். அவற்றை இயக்கும் ஆம்ப்ளிஃபயரும் உள்ளேயே இருக்கிறது. கனத்த ஒலிக்கென்று சப்வூஃபர் என்னும் தனிப்பெட்டி ஒன்று பெரும்பாலும் உடன் வரும். தொலைக்காட்சியிலிருந்து ஒரே ஓர் எச்.டி.எம்.ஐ. கம்பியைச் செருகினால் வேலை முடிந்தது.

சூழொலி ஏற்பாடு வேறு வகை. நடுநாயகமாக ரிசீவர் என்னும் கருவி இருக்கும். வரும் ஒலியைப் பல தடங்களாகப் பிரிப்பதும், ஒவ்வொன்றையும் பெருக்குவதும் அதன் வேலை. அதிலிருந்து கம்பிகள் கிளம்பி முன்பக்கம் இடம், நடு, வலம் என மூன்று ஒலிபெருக்கிகளுக்கும், கேட்பவரின் இரு பக்கத்திலும் சற்றுப் பின்தள்ளி வைக்கும் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கும் செல்லும். இவை ஐந்து. கனத்த ஒலிக்கு மட்டும் உரிய சப்வூஃபரைப் புள்ளி ஒன்று என்று கணக்கிடுவார்கள். ஐந்தும் புள்ளி ஒன்றும் சேர்ந்து 5.1 ஆயிற்று. கடைப்பலகைகளில் காணும் அந்த எண்ணின் பொருள் இவ்வளவே.

ஒன்று பலவாக ஆன கதை

ஒரு படத்துக்கு ஒலிபெருக்கிகள் பல எதற்கு? இக்கேள்விக்கு விடை காண ஏறத்தாழ நூறு ஆண்டுகள் பின்னே செல்ல வேண்டும். பேசும்படம் தோன்றிய காலத்தில் ஒலி ஒரே தடத்தில் பதிந்து ஒரே இடத்திலிருந்து வந்தது. நடிகர் திரையின் ஓர் ஓரத்தில் நின்று பேசுவார். குரலோ வேறோர் இடத்திலிருந்து வரும். இந்தப் பொருத்தமின்மை இங்கிலாந்தில் இருந்த ஆலன் புளும்லைன் என்னும் இளம் பொறியாளரின் மனத்தை உறுத்தியது. 1931-ஆம் ஆண்டில் அவர் இரு தட ஒலிக்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். இன்று ஸ்டீரியோ என்று நாம் வழங்குவதன் அடிப்படைகள் அதில் அடங்கியுள்ளன. 1942-இல் ரேடார் சோதனைக்காகச் சென்ற விமானம் விழுந்து அவர் இறந்தார். அப்போது அவருக்கு வயது நாற்பதுகூட ஆகவில்லை.

அதன்பின் திரையரங்குகள் வளர்ந்தன. 1940-இல் வால்ட் டிஸ்னியின் ஃபேன்டேசியா பல தட ஒலியோடு சில நகரங்களில் காட்டப்பெற்றது. 1953-இல் சினிமாஸ்கோப் முறையில் வெளிவந்த தி ரோப் படத்தில் இடம், நடு, வலம் என மூன்று தடங்கள் திரைக்குப் பின்னும், ஒரு தடம் அரங்கினுள்ளும் ஒலித்தன. 1992-இல் டால்பி டிஜிட்டல் முறை வந்து 5.1 நிலைபெற்றது. தமிழில் 1995-இல் வெளிவந்த குருதிப்புனல், டால்பி ஒலியைக் கொண்டுவந்த முன்னோடிப் படங்களுள் ஒன்று. 2012-இல் வந்த அட்மாஸ் முறை, தலைக்கு மேலிருந்தும் ஒலி வரச் செய்தது.

இந்த வரலாற்றில் ஒன்றைக் கருதுங்கள். புளும்லைன் விரும்பியது ஆரவாரம் அன்று. பேசுபவர் எங்கே நிற்கிறாரோ அங்கிருந்தே பேச்சு வரவேண்டும் என்பதுதான். ஹெலிகாப்டர் தலைக்கு மேல் பறப்பது பின்னால் வந்த அணிகலன். முதற்பொருள் பேச்சே.

செவியை ஏமாற்றும் வித்தை

ஒலி எத்திசையிலிருந்து வருகிறது என்பதை நாம் எப்படி அறிகிறோம்? நம் இரு செவிகளுக்கும் இடையே ஏறத்தாழ 18 சென்டிமீட்டர் தொலைவு. ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 343 மீட்டர் செல்கிறது. வலப்பக்கத்தில் ஒருவர் கை தட்டினால் அவ்வொலி வலச்செவியை அடைந்த பிறகே இடச்செவியை அடையும். அந்த இடைவெளி, விநாடியை ஆயிரம் கூறாக்கினால் ஒரு கூறுகூட இராது. அதில் மூன்றில் இரண்டு பங்குதான். அவ்வளவு நுண்ணிய காலத்தையும் நம் மூளை அளந்துவிடுகிறது. அன்றியும், தலை குறுக்கே நிற்பதால் இடச்செவியில் ஒலி சற்றுக் குன்றுகிறது. இவ்விரண்டு அடையாளங்களையும் 1907-இல் ரேலி பிரபு விளக்கினார். முன்னா, பின்னா, மேலா என்பதை அறியக் காதுமடலின் மடிப்புகள் உதவுகின்றன.

சவுண்ட்பாரின் சாமர்த்தியம் இந்த அடையாளங்களைப் போலியாக உண்டாக்குவதில் இருக்கிறது. சில கருவிகள் பல ஒலிபெருக்கிகளின் ஒலியைக் காலம் மாற்றி அனுப்பி, ஒலியைக் கற்றையாக்கிப் பக்கச் சுவரில் மோதவிடுகின்றன. சுவரில் பட்டுத் திரும்பும் ஒலி பக்கத்திலிருந்து வருவதாகத் தோன்றும். சில கருவிகள் மேல்நோக்கி ஒலியை எறிந்து கூரையில் பட்டு விழச் செய்கின்றன. விளையாடத் தெரிந்தவன் கேரம் பலகையில் ஓரக்கட்டையில் அடித்துக் காயை விழச் செய்வதுபோல என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த வித்தை பலிக்கச் சில நிபந்தனைகள் உண்டு. இரு பக்கமும் சுவர் சம தூரத்தில் இருக்க வேண்டும். கூரை தாழ்வாகவும் தட்டையாகவும் இருக்க வேண்டும். கேட்பவர் நடுவே அமர வேண்டும். நம் பொது அறையை நினைத்துப் பாருங்கள். ஒரு பக்கம் சுவர். மறு பக்கம் வராந்தாவை நோக்கிய வரிசைச் சன்னல்கள். கூரை உயரம், அதிலே சுழலும் மூன்று மின்விசிறிகள். கூரைக்கு எறிந்த ஒலி விசிறியின் இறக்கைகளில் சிக்கிச் சிதறுமேயன்றி ஒழுங்காகத் திரும்பாது. இருவர் அமரும் சிறு அறையில் இவ்வித்தை வியப்பளிக்கிறது. நான் சந்தையில் கேட்டபோது உண்மையிலேயே வியந்தேன். நாற்பது பேர் கூடும் அறையில் நடுவே அமர்ந்திருக்கும் மூவர் நால்வரைத் தவிர மற்றவர்க்கு அது கிட்டாது.

ஆயினும் சவுண்ட்பாரின் பக்கம் ஒரு நியாயம் உண்டு. அதை மறைத்தல் தகாது. எல்லா ஒலியும் திரைக்கு அடியிலிருந்தே வருவதால், எவ்விடத்தில் அமர்ந்தவர்க்கும் பேச்சு திரையிலிருந்து வருவதாகவே கேட்கும். இடம், வலம் என்று இரண்டே ஒலிபெருக்கிகளை அகலமாக வைத்தால் இந்த நன்மை போய்விடும். 1949-இல் ஹெல்முட் ஹாஸ் என்னும் ஜெர்மானியர் ஆராய்ந்து காட்டிய உண்மை இது: ஒரே ஒலி இரண்டு இடங்களிலிருந்து சிறிது முன்பின்னாக வந்தால், முன்னே வந்த திசையையே செவி நம்பும். இடப்பக்கம் அமர்ந்தவர்க்கு எல்லாப் பேச்சும் இடப்பெட்டியிலிருந்தே வரும். இக்குறை நீங்கவே திரையரங்குகளில் நடு ஒலிபெருக்கி வைத்தார்கள். படத்தின் பேச்சில் பெரும்பகுதி அதில்தான் வருகிறது. ஆகவே சூழொலி ஏற்பாட்டின் உயிர் பின்னால் இருக்கும் இரண்டில் இல்லை. முன்னே நடுவில் இருக்கும் ஒன்றில் இருக்கிறது.

அறையும் ஓர் ஒலிக்கருவியே

சென்ற மாதம் படம் முடிந்ததும் முதலாண்டு மாணவி ஒருத்தி என்னிடம் வந்து, "அண்ணா, முன்வரிசைக்காரர்கள் சிரிப்பது கேட்கிறது. எதற்குச் சிரிக்கிறார்கள் என்பதுதான் கேட்கவில்லை" என்றாள். ஊரை விட்டு இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி வந்து, மாதத்தில் ஒரு மாலை தம் மொழியைக் கேட்கலாம் என்று வருகிறவர்கள் கீழே ஓடும் ஆங்கில எழுத்தைப் படித்துச் சிரிக்க வேண்டியிருக்கிறது. இதைவிட இரங்கத்தக்க நிலை உண்டா?

"ஒலியைக் கூட்டுங்கள்" என்பது எளிய விடை. அது பயன் தராது. குறை ஒலியின் அளவில் இல்லை, அறையில் இருக்கிறது.

1895-இல் அமெரிக்காவின் ஹார்வர்டு பல்கலைக்கழகத்தில் புதிதாகக் கட்டிய விரிவுரைக் கூடம் ஒன்றில் பேராசிரியர் பேசுவது மாணவர்க்கு விளங்கவில்லை. ஒரு சொல் ஐந்து விநாடிக்கு மேல் அறையில் ஒலித்துக்கொண்டே இருந்தது. வாலஸ் சேபின் என்னும் இளம் இயற்பியல் ஆசிரியரிடம் அக்குறையைத் தீர்க்கும் பணி வந்தது. அவர் அக்கம்பக்கம் அரவம் அடங்கிய இரவுகளில், வேறொரு அரங்கின் இருக்கை மெத்தைகளைச் சுமந்து வந்து அடுக்கினார். ஆர்கன் குழலை ஊதி நிறுத்தி, ஒலி மறையும் நேரத்தைக் கடிகாரம் கொண்டு அளந்தார். மெத்தை கூடக்கூட ஒலி விரைவில் அடங்கியது. அதிலிருந்து அவர் கண்ட விதி எளியது: அறையின் கன அளவை 0.161 ஆல் பெருக்கி, அறை ஒலியை உறிஞ்சும் அளவால் வகுத்தால் ஒலி அடங்கும் நேரம் கிடைக்கும். 1900-இல் திறந்த பாஸ்டன் சிம்பொனி அரங்கம் இவ்விதியைத் துணைக்கொண்டு கட்டியது.

நம் அறைக்கும் ஒரு கணக்குப் போடலாம். நீளம் 10 மீட்டர், அகலம் 6, உயரம் மூன்றரை என்று கொண்டால் கன அளவு 210 கன மீட்டர். சுவர், தரை, கூரை எல்லாம் சேர்ந்து பரப்பு 232 சதுர மீட்டர். சிமென்டுப் பூச்சும் மொசைக் தரையும் தம்மேல் படும் ஒலியில் நூற்றுக்கு மூன்று பங்கு அளவே உறிஞ்சும். ஆகவே மொத்த உறிஞ்சல் ஏழு சதுர மீட்டர். ஆளில்லா அறையில் ஒலி அடங்க ஏறத்தாழ ஐந்து விநாடி ஆகிறது. நாற்பது பேர் வந்து அமர்ந்தால், ஒருவர்க்கு 0.4 வீதம் 16 சதுர மீட்டர் கூடுகிறது. நேரம் ஒன்றரை விநாடியாகக் குறைகிறது. சன்னல்களிலும் பின்சுவரிலும் 20 சதுர மீட்டர் அளவுக்குக் கனத்த திரைச்சீலையை மடிப்புமடிப்பாகத் தொங்கவிட்டுத் தரையில் சில ஜமக்காளங்களை விரித்தால், உறிஞ்சல் இன்னும் 14 கூடி, நேரம் ஒரு விநாடிக்கும் கீழே இறங்குகிறது. இவை உத்தேச எண்கள்தாம். ஆயினும் திசையைச் சரியாகக் காட்டுகின்றன.

அரை விநாடியில் என்ன பெரிய வேறுபாடு என்று எண்ண வேண்டாம். நாம் விநாடிக்கு நான்கைந்து அசைகள் பேசுகிறோம். முன் அசையின் ஒலி அடங்குமுன் பின் அசை வந்து மோதுகிறது. தமிழில் குறிலும் நெடிலும் பொருளையே மாற்றுவன. கல் வேறு, கால் வேறு. எதிரொலி நிறைந்த அறையில் குறிலும் நீண்டு நெடில்போல ஆகிறது. 'பத்து' என்று சொல்லிப் பாருங்கள். இரண்டு தகரத்திற்கு நடுவே ஒரு சிறு மௌனம் இருக்கிறது. இரட்டித்த மெய்யைச் செவி அறிவது அந்த மௌனத்தால்தான். எதிரொலி அந்த மௌனத்தில் நுழைந்து அதை நிரப்பிவிடுகிறது. ஒலியைக் கூட்டினால் எதிரொலியும் கூடுகிறது; மௌனம் மீள்வதில்லை.

ஆகவே எக்கருவியை வாங்கினாலும் முதற்செலவு திரைச்சீலைக்கு என்பதே என் துணிபு.  மேனாட்டு வீடுகள் பலவற்றில் கம்பளமும் மெத்தை நாற்காலியும் மரச்சுவரும் முன்பே இருக்கின்றன. நம் நாட்டில் செங்கல், சிமென்டு, ஓடு, கண்ணாடி. எல்லாம் ஒலியைத் திருப்பி எறிவன.

என்ன படம் பார்க்கிறோம்?

கருவியைத் தேர்வதற்கு முன் நம் வழக்கத்தையும் எண்ணிப் பார்க்க வேண்டும். நாம் காட்டும் படங்களில் பாதி பழைய படங்கள். 1952-இல் வெளிவந்த பராசக்தியும் 1964-இல் வெளிவந்த காதலிக்க நேரமில்லையும் ஒற்றைத் தட ஒலியில் அமைந்தவை. காதலிக்க நேரமில்லையில் நாகேஷ் பாலையாவுக்குக் கதை சொல்லும் காட்சியை நினைத்துப் பாருங்கள். கதவு திறக்கும் ஓசையையும் நடந்துவரும் ஓசையையும் நாகேஷ் வாயாலேயே எழுப்புகிறார். அங்கே பின்னால் எத்தனை ஒலிபெருக்கிகள் வைத்தாலும் அவற்றுக்கு வேலை இல்லை. வாயிலிருந்து வரும் ஒவ்வொரு சிற்றொலியும் கடைசி வரிசை வரை செல்ல வேண்டும், அவ்வளவே. அதற்கு வேண்டியது நல்ல நடு ஒலிபெருக்கி ஒன்று.

இங்கே ஒரு நுட்பம். ஒற்றைத் தடப் படம் கணினியிலிருந்து வரும்போது இடம், வலம் இரண்டிலும் ஒரே ஒலியாக வரும். ரிசீவரில் புரோலாஜிக் போன்ற முறையைத் தேர்ந்தால், இரண்டிலும் பொதுவாய் உள்ளதை அது நடுவுக்கு அனுப்பிவிடும். அவ்வாறு செய்யாவிடில் நடு ஒலிபெருக்கி வாய்மூடி நிற்கும்.

புதிய படங்களுக்குச் சூழொலி பயன்படும். ஆனால் பின் ஒலிபெருக்கிகளை நம் அறையில் பக்கச் சுவரில், தலைக்கு மேலே உயர்த்தி, ஒலியைக் குறைத்து வைக்க வேண்டும். இல்லாவிடில் அவற்றின் அருகே அமர்ந்தவர்க்கு மழையும் கூட்டத்தின் இரைச்சலும் கேட்கும்; கதாநாயகன் பேசுவது கேட்காது.

கம்பியும் வாட்டும்

சவுண்ட்பார்க் கட்சியினர் கம்பியைக் கண்டு அஞ்சுகிறார்கள். அஞ்ச வேண்டியதில்லை. ஒலிபெருக்கிக் கம்பிக்கு ஒரே விதி: நீளம் கூடினால் கனமும் கூட வேண்டும். வீட்டு மின்னிணைப்பில் வழங்கும் 1.5 சதுர மில்லிமீட்டர் செம்புக் கம்பியை 15 மீட்டர் இழுத்தால், போக வர 30 மீட்டருக்கு மின்தடை ஏறத்தாழ 0.35 ஓம். ஒலிபெருக்கியின் தடை பெரும்பாலும் 8 ஓம். இருபதில் ஒரு பங்குக்கும் குறைவான இழப்பைச் செவி பொருட்படுத்தாது. பொன்முலாம் பூசிய விலையுயர்ந்த கம்பியைக் கடைக்காரர் எடுத்துக் காட்டினால் புன்னகையோடு திருப்பித் தந்துவிடலாம். சிவப்பை சிவப்போடும் கறுப்பைக் கறுப்போடும் இணைக்க வேண்டும் என்பது மட்டும் தவறக்கூடாது. மாற்றி இணைத்தால் ஒரு பெட்டி காற்றை முன்தள்ளும்போது மற்றொன்று பின்னிழுக்கும். கனத்த ஒலி மறைந்துபோகும்.

"கம்பியில்லாச் சூழொலி இருக்கிறதே" என்பார்கள். அந்தப் பின் ஒலிபெருக்கிகளுக்கும் மின்சாரம் வேண்டும். ஒலிக்கம்பி போய் மின்கம்பி வந்தது, அவ்வளவுதான் ஆதாயம். புளூடூத் வழியே ஒலியை அனுப்பினால் உதடு முன்னே அசையும், சொல் பின்னே வரும்.

வாட் கணக்கிலும் விழிப்பு வேண்டும். பெட்டியின் மேல் ஆயிரக்கணக்கில் அச்சிட்டிருக்கும் பி.எம்.பி.ஓ. எண் வெறும் விளம்பரம். ஆர்.எம்.எஸ். என்று குறித்த எண்ணையே கேளுங்கள். அந்த உண்மை வாட்டிலும் இரட்டித்தால் ஒலி 3 டெசிபல்தான் கூடும். செவிக்கு இருமடங்காகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் கூட வேண்டும். அதற்குப் பத்து மடங்கு வாட் தேவை. ஆகவே ஐம்பதுக்கும் அறுபதுக்கும் உள்ள வேறுபாட்டுக்காகப் பணத்தை அதிகம் கொடுக்க வேண்டாம்.

நாம் போவோம், சங்கம் இருக்கும்

மிகவும் எண்ணிப் பார்க்க வேண்டிய செய்தி இது. நாம் இங்கே இரண்டு ஆண்டோ மூன்று ஆண்டோ இருப்போம். கருவி நமக்குப் பின் வருகிறவர்களுக்கும் பயன்பட வேண்டும்.

சவுண்ட்பாரில் எல்லாம் ஒரே கூட்டுக்குள் இருக்கின்றன. உள்ளிருக்கும் மின்பலகை பழுதானால் நல்ல ஒலிபெருக்கிகளும் அதனோடு பயனற்றுப்போகும். சூழொலியில் உறுப்புகள் தனித்தனி. ரிசீவர் பழுதானால் அதை மட்டும் மாற்றலாம். ஒலிபெருக்கியின் கூம்பு கிழிந்தால் சந்தையில் மாற்றித் தருகிறார்கள். நன்கு பேணிய ஒலிபெருக்கி இருபது ஆண்டு உழைப்பது அரிதன்று. முதலில் மூன்று வாங்கி, அடுத்த ஆண்டு இரண்டைச் சேர்க்கவும் முடியும்.

எதிர்க்கட்சியின் வாதத்தையும் சொல்லிவிடுகிறேன். சூழொலியை இணைக்கத் தெரிந்தவர் படிப்பு முடிந்து போய்விட்டால், அடுத்து வருபவர் கம்பிகளின் நடுவே திகைத்து நிற்பார். சவுண்ட்பாரை யாரும் இயக்கலாம். இது வலுவான வாதம். எனினும் இதற்கு மருந்து இருக்கிறது. ஒவ்வொரு கம்பியின் இரு முனையிலும் எண் எழுதி ஒட்டுவது, எந்த எண் எங்கே என்று ஒரு தாளில் தமிழில் எழுதி ரிசீவரின் மேலேயே ஒட்டுவது, சுவரோரம் பி.வி.சி. கேசிங்குக்குள் கம்பிகளை அடக்கிவிடுவது. அரைநாள் வேலை. அறை பல சங்கங்களுக்கும் பொது ஆகையால், நிர்வாகத்தின் ஒப்புதல் பெற்றே சுவரில் துளையிட வேண்டும். வங்காள நண்பர்களும் மலையாள நண்பர்களும் அதே அறையில்தான் படம் பார்க்கிறார்கள். அவர்களையும் கலந்துகொண்டால் செலவிலும் பங்கு கிடைக்கலாம்.

தனி அறைக்கு எது?

விடுதி அறைக்கு எதை வாங்கலாம் என்று கேட்ட நண்பர்களுக்குத் தனியே ஒரு சொல். பத்துக்குப் பன்னிரண்டடி அறையில் ஐந்து ஒலிபெருக்கிகளை வைத்தால் கட்டிலை வெளியே போட வேண்டும். அங்கே சவுண்ட்பாரே ஏற்றது. கேட்பவர் ஒருவர் அல்லது இருவர்; நேர் எதிரே அமர்கிறார்கள். வாங்கும்போது நடுத்தடத்துக்குத் தனி ஒலிபெருக்கி உள்ளதா என்று பாருங்கள், 3.1 என்று குறித்திருந்தால் உண்டு. தொலைக்காட்சியில் ஆர்க் என்று குறித்த எச்.டி.எம்.ஐ. வாய் இருக்கிறதா என்றும் பார்த்துக்கொள்ளுங்கள். சப்வூஃபரை மூலையில் வைத்தால் ஒலி பெருகும். அடுத்த அறை நண்பரின் கோபமும் பெருகும். தேர்வுக் காலத்தில் அதை அணைத்து வைப்பது நட்புக்கு நல்லது.

என் முடிவு

பொது அறைக்கு என் பரிந்துரை இது. முதலில் திரைச்சீலையும் ஜமக்காளமும். அடுத்து, ஐந்து தடம் இயக்கவல்ல ரிசீவர் ஒன்றும், முன்பக்கத்துக்கு மூன்று ஒலிபெருக்கிகளும். மூன்றும் அமர்ந்தவரின் தலை உயரத்துக்குச் சற்று மேலே, பின்வரிசையை நோக்கி இருக்கட்டும். மூன்றில் நடு ஒலிபெருக்கியே தரத்தில் முதன்மை பெற வேண்டும். சப்வூஃபரும் பின் ஒலிபெருக்கிகளும் அடுத்த ஆண்டுக் கட்டணத்தில் வரட்டும். அவை இல்லாததால் ஓர் ஆண்டுக்கு இடிமுழக்கம் சற்றுக் குறையும், உரையாடல் குறையாது.

இதற்குச் செயற்குழு உடன்படாமல் சவுண்ட்பாரையே வாங்கினாலும் எனக்கு வருத்தம் இல்லை. திரைச்சீலையை மட்டும் விட்டுவிட வேண்டாம் என்று கேட்டுக்கொள்கிறேன். வாங்குமுன் ஒரு சோதனை செய்யுங்கள். கடைக்குப் போகும்போது வெடிச்சத்தம் நிறைந்த படத்தைக் கொண்டுபோக வேண்டாம். விரைவான உரையாடல் உள்ள பழைய தமிழ்ப் படம் ஒன்றைக் கொண்டுபோங்கள். எழுத்தை மறைத்துவிட்டு, கடையின் கடைசி மூலையில் நின்று கேளுங்கள். அங்கிருந்தும் ஒவ்வொரு சொல்லும் விளங்கினால், அந்தக் கருவி நம் அறைக்கு உரியது.